இளைப்பைச் சோம்பல் என்னற்க

விழா மலர்களில் வாழ்த்தும் வரலாறும் நிறைந்திருத்தல் மரபு. நம் இந்துக் கல்லூரியின் பெருமையை எடுத்தோதும் தகுதி படைத்த பழைய மாணவர் பலர் இம்மலரில் எழுதுவர்; அப்பணியை அவர்களுக்கே விட்டுவிடுகின்றோம். தமிழாசிரியராகிய நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒரு நோயைப் பற்றிய பேச்சு. 'இலக்கணம் கற்பிப்பவருக்கு வைத்தியத்தில் என்ன வேலை?' என்று அன்பர் சிலர் வினவலாம். வைத்தியம் சொல்ல நாம் முன்வரவில்லை. ஒரு சொல்லைத் தகாத இடத்தில் வழங்கினோம். அதனால் ஒரு தாயின் உள்ளம் புண்பட்டது. அவருடைய நோயும் கவனிப்பாரின்றி வளர்ந்தது. சொல்லின் பொருளைத் திருத்துதல் தமிழாசிரியரின் கடமையன்றோ? அக்கடமை பற்றியே இதனை எழுதுகின்றோம்.

பயிற்றப்பட்ட ஆசிரியராக நாம் பணிபுரியும் பாடசாலை ஊவாவின் தோட்டமொன்றிலே, தேயிலை மலையின் மேற்புறத்தில் இருக்கின்றது. நமுனுகுல மலை எதிரே நிற்கும். கீழே லயங்கள் வரிசையாகத் தெரியும். லயத்திலிருந்து பாடசாலைக்கு வர நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பெற்றார் கூட்டங்களுக்கு ஒரு மாணவியின் தாய் தொடர்ந்து வராதிருந்தார். பிள்ளையோ கெட்டிக்காரி. மூன்றாங் கூட்டத்திற்கும் அவர் வராத பொழுது, 'பெற்றவர்களுக்கே அக்கறையில்லை; சோம்பல்தான் காரணம்' என்று பலர் முன்னிலையில் கூறிவிட்டோம். பிள்ளை தலை குனிந்தாள்.

அடுத்த கிழமை அத்தாய் வந்தார். வாசலில் நின்று மூச்சுவிட்ட நிலை இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. உதடு கறுத்திருந்தது, இரு கால்களும் வீங்கியிருந்தன. பேச இயலாமல் சிறிது நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பின் மெல்லச் சொன்னார்: "சேர், வரக்கூடாதுன்னு இல்ல. மேட்டுல ஏறினா மூச்சு வாங்குது. பத்துப் படிக்கு ஒருதரம் நின்னு நின்னுதான் வரணும். மலையிலயும் அப்பிடித்தான். கொழுந்து கொறையுது, கங்காணி ஏசுறாரு."

கங்காணி மலையில் ஏசினார். நாம் பாடசாலையில் ஏசினோம். இருவரும் கூறிய சொல் ஒன்றே.

இச்சொல்லுக்கு மலையகத்தில் நீண்ட வரலாறு உண்டு. கொக்கிப் புழு நோயால் குருதி வற்றி, வெளிறி, இளைத்துப்போன தொழிலாளரைச் 'சோம்பேறிகள்' என்றே ஒரு காலத்தில் பலர் எண்ணினர். 1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகைகள் அப்புழுவுக்குச் 'சோம்பற் கிருமி' என்றே பெயரிட்டன. 1916ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மருந்துண்டு புழு நீங்கியவர் உரம்பெற்று உழைத்தனர். சோம்பலென்று கருதப்பட்டது நோயே என்பது அப்பொழுது விளங்கிற்று. ஒரு நூற்றாண்டு கழிந்தும் நாம் அப்பாடத்தைக் கற்றோமில்லை.

குற்றவுணர்வினால் அத்தாயின் கதையை முழுவதுங் கேட்டோம். மூன்றாவது பிள்ளை பிறந்த சில நாள்களில் அவருடைய இடக்கால் மட்டும் வீங்கி வலித்தது. எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டனர், வீக்கம் வடிந்தது. பின்னொரு நாள் திடீரென நெஞ்சு குத்தி மூச்சு முட்டிற்று. அதுவும் இரண்டொரு நாளில் தணிந்தது. அன்றுமுதல் ஏற்றத்தில் இளைப்பு. ஒருகால் ஆஸ்துமா என்றனர். ஒருகால் குருதிச்சோகை என்றனர். ஒருகால் மனக்கவலை என்றனர். கையில் துணி சுற்றிக் குருதியமுக்கம் பார்த்து 'பிறஷர் இல்லை' என்று அனுப்பினர். இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இதனை நாள் முறையாக ஒரு தாளில் எழுதினோம். நம்முடன் பணிபுரியும் ஆசிரிய நண்பர் ஒருவர் அதனைச் சிங்களத்தில் பெயர்த்துத் தந்தார். அத்தாளோடு அவரைப் பதுளைக்கு அழைத்துச் சென்றோம். தாளை வாசித்த இளம் வைத்தியர், கால் வீங்கியதாக எழுதியிருந்த வரியிலே விரலை வைத்து நிறுத்தினார். அந்த ஒரு வரி இரண்டாண்டுகளாக எவர் காதிலும் விழவில்லை. பல சோதனைகளின் பின் தெரிந்த நோய் இதுதான்: சுவாசப்பை நாடிகளில் பழங் குருதிக்கட்டிகள் தங்கியமையால் அங்கே உண்டான உயரமுக்கம்.

இந்நோய் எவ்வாறு உண்டாகின்றது என்பதை மலையகத்தார் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தேயிலை மலையில் மழைநீர் வடிவதற்குக் கான் வெட்டியிருப்பர். மண் சரிந்து பல கான்கள் அடைபட்டால், மிஞ்சிய சில கான்களில் நீர் முழுதும் பாயும். அவற்றின் கரைகளும் அரிபடும். மேலே தேங்கிய நீர் அணையை முட்டும். நம் உடலில் கான்கள் சுவாசப்பை நாடிகள். அணை, இதயத்தின் வலக்கீழறை. கால் நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி கழன்று இதயத்தின் வழியாகச் சுவாசப்பையிற் சென்று அடைக்கின்றது. பெரும்பாலாரில் அக்கட்டி கரைந்துவிடும். சிலரில் அது கரையாது நாடியின் உட்சுவரோடு ஒட்டி, நாரும் தழும்புமாக இறுகிவிடும். சுவாசப்பையில் திடீர் அடைப்பு ஏற்பட்டுத் தப்பியவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் முதல் நால்வர் வரை இந்நிலை அடைகின்றனர்.

சுவாசப்பைச் சுற்றோட்டம் மென்மையானது. கையில் நாம் அளக்கும் அமுக்கம் 120க்கு 80 என்றால், சுவாசப்பை நாடியின் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் இரசமே. அதற்கேற்பவே வலக்கீழறையின் சுவரும் மெல்லிதாக அமைந்துள்ளது. அமுக்கம் ஏற ஏற அவ்வறை வீங்கித் தளர்கின்றது. முதலில் ஏற்றத்தில் இளைப்பு, பின் சமதரையிலும் இளைப்பு, காலிலும் வயிற்றிலும் நீர், சிலருக்கு மயக்கம், ஈற்றில் இதயம் சோர்தல். கையிற் பார்க்கும் அமுக்கம் சரியாயிருந்தால் சுவாசப்பையிலும் அமுக்கம் சரி என்று கொள்ளுதல் பிழை. ஒரு கருவி மற்றொன்றை அளவாது.

குருதி உறைவதற்கு மூன்று காரணங்களை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஜெர்மனியின் ருடோல்வ் விர்ச்சோ ஆராய்ந்தார்: ஓட்டந் தேங்குதல், குழாய்ச் சுவர் பழுதுறல், குருதியின் உறையுந் தன்மை மிகுதல். பிரசவத்தின் பின்னுள்ள ஆறு கிழமைகள், சத்திரசிகிச்சையின் பின் படுக்கை, எலும்பு முறிந்து கட்டிட்ட கால், புற்றுநோய், சில குருதிக் குறைபாடுகள் ஆகியன இவ்வாபத்தை மிகுவிப்பன. மண்ணீரல் நீக்கப்பட்டவரிடத்தும் இந்நோய் மிகுதியாய்க் காணப்படுகின்றது.

வைத்தியரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதினோமல்லோம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 2007 முதல் 2009 வரை இந்நோயாளர் 679 பேரின் விபரங்களைத் திரட்டினர். நோய்க்குறி தோன்றியதற்கும் நோய் இன்னதென அறிந்ததற்கும் இடையே கழிந்த காலம், நடுத்தர அளவாக, 14 மாதங்கள். அவர்களுள் ஏறத்தாழ நாலிலொருவருக்கு முன்பு சுவாசப்பை அடைப்பு ஏற்பட்டதாக எவ்வித வரலாறும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைந்த நாடுகளிலேயே இந்நிலை என்றால், மதுல்சீமையிலும் லுணுகலையிலும் வாழ்வோர் நிலை எத்தகையது? விறகடுப்புப் புகையும் குருதிச்சோகையும் ஆஸ்துமாவும் இங்கு மலிந்தவை; இளைப்புக்குக் காரணம் தேடுவோர் அவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடுகின்றனர். கண்ட காரணத்துக்கு மருந்து கொடுத்தும் இளைப்பு நீங்காவிடில் மீண்டும் தேடவேண்டும் என்பதே நாம் வற்புறுத்தும் கருத்து.

தேடும் வழி ஒழுங்கானது. முதற்படி இதயத்தை ஒலியலையாற் பார்க்கும் எக்கோச் சோதனை. வலக்கீழறை பருத்திருப்பதையும் அமுக்கம் ஏறியிருப்பதையும் அது குறிப்பாகக் காட்டும். மார்பு எக்ஸ்றே படம் தெளிவாயிருத்தலால் மட்டும் நோயில்லை என்று துணிதலாகாது. இரண்டாம்படி, சுவாசப்பையிற் காற்றுச் செல்லும் இடங்களையும் குருதி செல்லும் இடங்களையும் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கொண்டு படம்பிடித்து ஒப்பிடுதல். காற்றுச் சென்றும் குருதி செல்லாத பகுதிகள் இருந்தால் அடைப்பு உண்டென்று ஐயுறலாம். குருதியோட்டப் படம் முற்றாகச் சரியாயிருந்தால் இந்நோய் ஏறக்குறைய இல்லையென்றே கொள்ளலாம். சி.டி. படம் அடைப்பின் இடத்தையும் வடிவையும் காட்ட உதவும். ஆயினும் பழைய கட்டிகளைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அதில் அவை தப்பிவிடக்கூடும்.

மூன்றாம்படி, கழுத்து நாளம் அல்லது தொடை நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அமுக்கத்தை நேரே அளத்தல். 1929ஆம் ஆண்டில் வேர்ணர் போர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மன் வைத்தியர் தம் கை நாளத்திலேயே குழாயைச் செலுத்தி இதயம்வரை கொண்டுசென்றார். பித்தர் என்று பேசப்பட்ட அவருக்கு 1956ஆம் ஆண்டில் நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அன்று துணிச்சலாயிருந்தது இன்று வழக்கமான சோதனை. சராசரி அமுக்கம் 20ஐ மிஞ்சினால் உயரமுக்கம் என்பது இன்றைய வரையறை. குருதி உறையாமைக்குரிய மருந்தை மூன்று மாதமேனும் முறையாக உட்கொண்ட பின்னும் அடைப்பு எஞ்சியிருந்தாலே அதனைப் பழைய கட்டியாற் பிறந்த நோய் என்பர்.

இத்துணை விரிவாகக் கூறுவதன் காரணம் ஒன்றுண்டு. சுவாசப்பை உயரமுக்க நோய்கள் பல. அவற்றுட் சத்திரசிகிச்சையால் வேரோடு களையத்தக்க வகை இதுவே. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்டியேகோவில் நினா பிரவுன்வால்ட் என்னும் பெண்மணி இதற்கென வகுத்த சத்திரசிகிச்சையைச் செய்தார். நெஞ்சைத் திறந்து, குருதியோட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து, உடலை ஏறத்தாழ 20 பாகை வரை குளிரவைத்து, ஓட்டத்தை 20 நிமிடமளவு நிறுத்தி, நாடியின் உட்புறத்தில் இறுகிய தழும்பைப் பட்டையுரிப்பது போல உரித்தெடுப்பர். கட்டியைத் தோண்டி எடுத்தால் மட்டும் போதாது. ஒட்டிய உட்படலத்தையும் உரித்தல் வேண்டும். எனவே இது கைதேர்ந்தோர் தொழில். பழகிய நிலையங்களில் உயிர்ச்சேதம் நூற்றுக்கு ஐந்திலும் குறைவு. பிரித்தானியா முழுவதற்கும் கேம்பிரிட்ஜிலுள்ள பப்வேர்த் ஆஸ்பத்திரியிலேயே இதனைச் செய்கின்றனர். நமக்கு அண்மையில், பெங்களூரின் நாராயண இருதயாலயாவில் இது நடைபெறுகின்றது.

எல்லார்க்கும் சத்திரசிகிச்சை பொருந்தாது. கட்டி மிகச் சிறிய கிளைகளில் இருந்தால் கத்தி அங்கு எட்டாது. அத்தகையோர்க்குப் பலூன் வைத்த குழாயால் அடைப்பைச் சிறிது சிறிதாக விரித்தல் ஒரு வழி. யப்பானிய வைத்தியர்கள் 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் இம்முறையைச் செப்பஞ்செய்தனர். றியோசிகுவாற் என்னும் மாத்திரை 2013ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. எவ்வழியாயினும், குருதி உறையாமைக்குரிய மருந்தை வாழ்நாள் முழுதும் கைவிடலாகாது. வார்பரின் உட்கொள்வோர் குறித்த நாளிற் குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும்; ஒரு கிழமை கீரையை அறவே நீக்கி மறு கிழமை மிகுதியாக உண்ணலாகாது; வைத்தியரைக் கேளாமல் நோவு மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்த்தலும் தீது. 'மாத்திரை இரத்தத்தைத் தண்ணியாக்கிப் பலவீனமாக்குது' என்று நிறுத்தியோர் உளர். நிறுத்தினால் வருவது புதிய கட்டி. இந்நோயுடைய பெண்கள் கருவுறுதல் உயிராபத்தானது. வார்பரினும் றியோசிகுவாற்றும் கருவுக்குத் தீங்கு பயப்பன. இதனை மணமான பெண்களுக்குத் தெளிவாக அவர்தம் மொழியிலேயே சொல்லுதல் வேண்டும்.

இங்கே சிலர் மறுத்துரைப்பர். 'நூறாயிரத்தில் சிலருக்கு வரும் நோய்க்கு இவ்வளவு பேச்சு எதற்கு? போசாக்கின்மையும் குருதிச்சோகையும் பெரிய இடர்களாக இருக்க, அரிய நோயைத் தேடுவது வீண் செலவன்றோ?' என்பர். இவ்வினா நேர்மையானது. குருதிச்சோகையை முதலிற் பார்க்க வேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும், அரிய நோயைக் காண்பதற்கு முதலில் வேண்டுவது பெருஞ் செலவன்று, 'எப்போது தொடங்கிற்று? அதற்கு முன் என்ன நடந்தது? கால் வீங்கியதா?' என்னும் மூன்று கேள்விகள். அக்கேள்விகளே குருதிச்சோகையையும் இதயநோயையும் காசத்தையும் பிரித்தறிய உதவுவன. ஒரு நோயின் பொருட்டுக் கேட்கப் பழகினால் பல நோய்க்கும் அது பயன்படும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. நோயுற்றவன், வைத்தியன், மருந்து, பக்கத்தில் நின்று உதவுவோன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அங்குக் காணும் பகுப்பு. இலங்கையில் அரசினர் ஆஸ்பத்திரிகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வைத்தியரும் மருந்தும் ஓரளவு உளர். குறைவது நான்காமவர். 1924ஆம் ஆண்டிலேயே புகைவண்டிப் பாதை பதுளையை எட்டிற்று. எனினும் கொழும்பு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவு. மலையிலிருந்து இறங்கிப் பசறைக்கு வந்து, பதுளைக்குச் சென்று, அங்கிருந்து இரவு முழுதும் பயணஞ்செய்து சோதனைக்குப் போவோர் இரண்டு நாட் சம்பளத்தை இழக்கின்றனர். துணைக்கு வருபவர் சம்பளமும் போய்விடும். அங்குச் சென்றபின் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு ஆம் என்றும், ஆங்கிலத்தில் எழுதிய கொப்பிக்குத் தலையசைத்தும் திரும்புகின்றனர். நோயைச் சொல்ல மொழியில்லாதவன் பாதி நோயாளியாகவே வைத்தியர் முன் நிற்கின்றான்.

ஆதலின் பழைய மாணவ நண்பர்களுக்கு நம் வேண்டுகோள்கள் சில. கொழும்பிலும் கண்டியிலும் வைத்தியராயிருக்கும் அன்பர்கள் தம் பெயரையும் நேரத்தையும் சங்கத்திடம் தருவாராக. அங்குச் செல்லும் தோட்டத்து நோயாளர்க்கு வழிகாட்ட அது உதவும். பொருள் படைத்தோர், மண்டபங்களுக்குப் பெயர்ப்பலகை இடுமுன், நோயாளர் பயணத்துக்கும் துணைவர் உணவுக்கும் ஒரு சிறு நிதியை அமைப்பாராக. ஆசிரியராகிய நாம் மும்மொழியிலும் அமைந்த ஒரு பக்கத் தாள் ஒன்றை ஆக்குவோம். நோய்க்குறி தொடங்கிய நாள், பிரசவம், சத்திரசிகிச்சை, கால் வீக்கம், உட்கொண்ட மருந்து ஆகியவற்றை நிரப்ப அதில் இடமிருக்கும். உயர்வகுப்பு மாணவர் தம் லயத்து முதியோர்க்கு அதனை நிரப்பிக் கொடுக்கலாம். கட்டுரை எழுதப் பழகுவதற்கு இதனினும் சிறந்த பயிற்சி நாம் அறியோம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலோ அயலிலோ பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் தேய்த்து அழுத்தாதீர். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். திடீரென மூச்சு முட்டி நெஞ்சு குத்தினாலோ, இருமலிற் குருதி வந்தாலோ, 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். சுவாசப்பை அடைப்புக்கு மருந்துண்டு தேறியவர் மூன்று மாதத்தின் பின்னும் இளைத்தால், 'சுவாசப்பை அமுக்கத்தைப் பார்த்தீர்களா, ஐயா?' என்று பணிவோடு வைத்தியரைக் கேளுங்கள். பணிவோடு கேட்ட கேள்வி எவரையும் சிறுமைப்படுத்தாது.

அத்தாய் இன்று மருந்துண்கின்றார். அவருடைய அடைப்புக் கத்திக்கு எட்டும் இடத்தில் உள்ளது என்று வைத்தியர் குழு கூறியிருக்கின்றது. சத்திரசிகிச்சைக்கான ஒழுங்குகள் நடைபெறுகின்றன. முடிவு என்னாகும் என்பதை நாம் அறியோம். இரண்டாண்டு முன்னர் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அவர் இதயம் இத்துணைத் தளர்ந்திராது என்பதை மட்டும் அறிவோம்.

இவ்வாண்டு பெற்றார் கூட்டத்தை மேட்டிலே கூட்டவில்லை. லயத்தின் அருகே, மாரியம்மன் கோயில் மண்டபத்திற் கூட்டினோம். ஆசிரியர் அனைவரும் படியிறங்கிச் சென்றோம். அத்தாய் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அன்று பலர் முன்னிலையிற் கூறிய சொல்லை, அன்றிலும் பலர் முன்னிலையில் மீளப் பெற்றுக்கொண்டோம்.